இடது பின்னங்காலும் வலது கொம்பும்

ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறன்று வெர்லின் பிரெக்கெயின் டிராக்டர் கொட்டகையில் ஒரு மானுக்கு மரண தண்டனை விதித்தார்கள். சங்கத்தில் மொத்தம் ஆறு குடும்பம். ஐந்து கை மேலே போயிருந்தது. ஆறாவது கை ஆர்டிஸ் டோலெஃப்சனுடையது. அது மடியில் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

மேற்கு விஸ்கான்சினில் அந்த ஆறு பண்ணைகளும் ஒரே மேட்டில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பவை. பதினோரு வருஷத்துக்கு முன் ஆறு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள்: இளசாக இருக்கும் கலைமானைச் சுடுவதில்லை, வயசேறிக் கொம்பு முற்றிய பிறகுதான் கை வைப்பது என்று. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டும் காட்டு மரங்களில் கட்டிய கேமராவில் விழுந்த படங்களைப் படுக்கை விரிப்பில் பெரிதாகக் காட்டி, இது இருக்கட்டும், இது போகட்டும் என்று ஓட்டுப் போடுவார்கள். முதலில் கை குலுக்கியவன் ஆர்டிஸின் புருஷன் ஓரின்தான். போன வருஷத்துக்கு முந்தைய வசந்தத்தில், வைக்கோல் கட்டும் எந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் நெஞ்சு நின்றுவிட்டது. அதன் பிறகு அந்த நூற்று நாற்பது ஏக்கரைப் பற்றி, ஓரின் அதைச் சங்கத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனதுபோலவே எல்லோரும் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆர்டிஸ் அறுபத்திரண்டு வயசில், உயிரோடு, அதே கொட்டகையில் உட்கார்ந்திருந்தது யாருக்கும் உறைக்கவில்லை.

"பாருங்க நல்லா," என்றான் வெர்லின், கையில் இருந்த குச்சியால் விரிப்பைத் தட்டி. சங்கத்துக்குத் தலைவன் என்று யாரும் இல்லை, ஆனால் குச்சி எப்போதும் அவன் கையில்தான் இருக்கும். "இடப்பக்கம் அஞ்சு கிளை, குறையே சொல்ல முடியாது. வலப்பக்கம் ஒரு சாண் குச்சி. மூணு வயசுக்கு மேல இருக்காது. ரத்தத்துல கோளாறு. இதை விட்டு வெச்சா இனிமே பிறக்கறதெல்லாம் குச்சியோடதான் திரியும். பதினோரு வருஷ உழைப்பு பாழாப் போகும்."

"ரத்தத்துல ஒண்ணுமில்ல," என்றாள் ஆர்டிஸ். "கால்ல."

எல்லோரும் திரும்பினார்கள்.

"மார்ச் மாசம் ரோட்டுல ஏதோ வண்டி இடிச்சிருக்கு. இடது பின்னங்கால் தொங்கத் தொங்க, மூணு வாரம் என் சமையலறை ஜன்னலுக்கு முன்னாடி ஆப்பிள் மரத்தைக் கடிக்க வந்துச்சு. கிழிஞ்ச காதைப் பாருங்க, அதேதான். பின்னங்கால் முறிஞ்சா எதிர்ப்பக்கக் கொம்பு குட்டையாப் போகும். கொம்பு வருஷா வருஷம் உதிர்ந்து புதுசா முளைக்கறதுதானே, கால் கூடினா அதுவும் சரியா வரும்."

டெல்மர் ஆசென் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். வேலிக்கு வேலி பக்கத்து வீட்டுக்காரன். நல்லவன், ஆனால் ஒரு சிரிப்புக்காக அம்மாவையே விற்றுவிடுவான். "பின்னால இடப்பக்கம் அடிபட்டா முன்னால வலப்பக்கம் கொம்பு போயிடுமா? அப்ப எனக்கு முழங்கால் போனதாலதான் தலை வழுக்கையாச்சா, ஆர்டிஸ்?"

கொட்டகையே சிரித்தது. ஆர்டிஸுக்குக் காது மடல் சுட்டது.

அவள் சும்மா சொல்லவில்லை. இந்த ஆண்கள் மானைச் சுட்டதும் தலையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, உடம்பைக் கறிக்கடையில் கொடுத்துவிட்டு, பொட்டலமாக வாங்கி வருகிறவர்கள். கொம்பைச் சுவரில் மாட்டுவார்கள். எலும்பை அவர்கள் பார்த்ததே இல்லை. ஆர்டிஸ் நாற்பது வருஷமாகத் தன் மானைத் தன் கொட்டகையிலேயே அறுத்துக் கறி போடுகிறவள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் அவள் சுட்ட ஒன்றுக்கும் இப்படித்தான் வலது கொம்பு முடங்கியிருந்தது. தோலை உரித்து இடது பின்னங்காலைக் கையில் எடுத்தபோது, முறிந்து கூடிய முடிச்சு கட்டைவிரலுக்குக் கீழே உருண்டது. அந்த உருளலை அவள் மறக்கவே இல்லை. ஆனால் அதை அந்தக் கொட்டகையில் சொல்லி யார் நம்பப்போகிறார்கள்?

"ஓரின் இருந்திருந்தா கை தூக்கியிருப்பான்," என்றான் வெர்லின்.

"ஓரின் தன் சாக்ஸ் எங்க இருக்குன்னு நாப்பது வருஷம் என்னைத்தான் கேட்டான். அவன் எதுக்குக் கை தூக்குவான், எதுக்குத் தூக்க மாட்டான்னு நீ எனக்குச் சொல்லாத."

"சங்கம்னா எல்லாரும் ஒரே மாதிரிதான் நடக்கணும். ஒருத்தர் மட்டும் மாட்டேன்னா எப்படி?"

"அப்ப என்னைக் கழிச்சுக்குங்க."

வெர்லின் குச்சியைக் கீழே வைத்தான். "யோசிச்சுப் பேசு ஆர்டிஸ். நீ வெளிய போனா உன் நிலத்தைச் சுத்தி எங்க பரண்தான் நிக்கும். உன் நொண்டி ஒரு அடி வெளிய வெச்சா அவ்வளவுதான்."

"உள்ள இருக்கிற வரைக்கும்?"

"உள்ள உன் இஷ்டம்."

"அது போதும். இன்னொண்ணும் கேட்டுக்க. பாவம் பார்த்து விடறேன்னு நினைக்காத. அதைச் சுடணும்னா நானே சுடுவேன். எப்பங்கறதை நான் சொல்வேன். என் நிலத்துல இருக்கறதுக்கு நீங்க கை தூக்க வேண்டாம்."

அவள் கொண்டுவந்திருந்த ருபார்ப் கேக் தட்டில் பாதி மிச்சம் இருந்தது. அதை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தட்டை நோக்கி நீண்ட டெல்மரின் கை பாதி வழியில் நின்றுபோனது.

வெர்லின் சொன்ன சொல் தவறாதவன். அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குள் அவள் வேலியைச் சுற்றி நாலு புதுப் பரண் முளைத்துவிட்டது. மான் வேலியைத் தாண்டும் இடம் எது என்று அந்த மேட்டில் எல்லோருக்கும் தெரியும். மேல் கம்பி தொய்ந்திருக்கும், முள்ளில் பழுப்பு மயிர் சிக்கியிருக்கும். அவள் நிலத்தில் அப்படி நாலே நாலு இடம். நாலுக்கும் எதிரே, அந்தப் பக்கத்து மரத்தில் ஒவ்வோர் ஏணி. தென்மேற்கு மூலையில் இருந்தது வெர்லினுடையது. மானுக்காகக் கட்டிய பரண் போல அது அவளுக்குத் தோன்றவில்லை. தன்னைப் பார்த்துக் கட்டியதாகவே தோன்றியது.

வில் வேட்டை நடந்த வாரங்களில் பயமில்லை. கால் வலிக்கிற மான், களஞ்சியத்துக்குப் பின்னால் இருந்த சதுப்பை விட்டுப் பகலில் அசையவில்லை. அரசு அனுமதிக்கும் துப்பாக்கி வேட்டையின் ஒன்பது நாள்தான் பயம். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகையை ஒட்டி வரும் அந்த நாட்களில் பெட்டை மான் ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு ஓடினால் போதும், எப்பேர்ப்பட்ட கிழட்டுக் கலைமானுக்கும் புத்தி மழுங்கிவிடும். வேலியைப் பெட்டை தாண்டினால் இவனும் தாண்டுவான். அந்தப் பக்கம் வெர்லின் உட்கார்ந்திருப்பான்.

வழி, துணி துவைக்கும்போது கிடைத்தது. நாற்பது வருஷம் அக்டோபர் பிறந்தால் அந்த வீட்டில் வாசனைச் சோப்புக்குத் தடை. ஓரின் வேட்டை உடுப்பை மணமில்லாத சோப்பில் துவைத்து, பைன் மரத்தில் தொங்கவிட்டு, அவள் பக்கத்தில் வந்தால்கூட "தள்ளி நில்லும்மா, உன் கிரீம் வாசனை ஒட்டிக்கும்" என்பான். மானுக்கு மூக்குதான் எல்லாம். வயசான கலைமான் கண்ணால் பார்த்ததைக்கூட ஒருமுறை நம்பாமல் நிற்கும், மூக்கு சொன்னால் நிற்காது. நாற்பது வருஷம் எதை வீட்டுக்குள் வரவிடாமல் பார்த்துக்கொண்டாளோ, அதைக் கடையில் இருந்ததிலேயே பெரிய ஊதா பாட்டிலாக வாங்கி வந்தாள். லேவண்டர் மணக்கும் துணிச் சோப்பு. மூடியைத் திறந்ததும் அவளுக்கே தும்மல் வந்தது.

வேட்டை தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, நாலு தாண்டலிலும் வேலிக்கு இந்தப் பக்கம், தன் மரங்களுக்கு நடுவே வைக்கோல் கட்டும் கயிற்றை இழுத்துக் கட்டினாள். விரிப்பு, துண்டு, பூப்போட்ட நைட்டி, ஓரினின் கம்பளி உள்ளாடை எல்லாம் லேவண்டரில் முக்கி வரிசையாகத் தொங்கின. தென்மேற்கு மூலைக்கு மட்டும் விசேஷம்: மாட்டுக்கொட்டகையில் ஓரின் உடுத்திய முழுநீளக் கால்சட்டை, இரண்டு வருஷமாக அவள் துவைக்க மனமில்லாமல் கொக்கியில் விட்டுவைத்திருந்தது. அதைத் துவைக்காமலே மாட்டினாள். மாட்டும்போது ஒருமுறை முகத்தில் வைத்துக்கொண்டாள். சாணம், டீசல், அவன் வியர்வை, எல்லாம் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை விடிந்தபோது துணியெல்லாம் உறைந்து பலகையாகிவிட்டது. அவள் ஆரஞ்சுக் கோட்டோடு நிலத்தின் நடுவில் இருந்த தன் பரணில் உட்கார்ந்தாள். ஒன்பது மணிக்குத் தென்மேற்கிலிருந்து கத்தல் கேட்டது. இறங்கி நடந்து போனாள். வெர்லின் வேலிக்கு அந்தப் பக்கம் முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தான்.

"என்ன பண்ணிட்டிருக்க நீ?"

"துணி காயப் போட்டிருக்கேன்."

"இந்தக் குளிர்லயா? இதுவா காயும்?"

"மெதுவாக் காயட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"என் வேட்டையைக் கெடுக்கற. வேட்டை வார்டனைக் கூப்பிடப் போறேன்."

"கூப்பிடு. என்னன்னு சொல்லுவ? செத்துப்போன டோலெஃப்சனோட உள்ளாடையைப் பார்த்து மான் வரமாட்டேங்குதுன்னா?"

அதை வார்டனிடம் சொன்னால் மறுநாள் காலை ஊர் முழுக்க எப்படிச் சிரிக்கும் என்று வெர்லின் கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது. அவன் கூப்பிடவில்லை.

ஒவ்வொரு நாளும் மதியம் ஒரு கூடை துணியைக் கழற்றி, புதிதாக ஒரு கூடை மாட்டினாள். டெல்மர் தன் பரணிலிருந்தே கூவினான்: "அந்தப் பூப்போட்ட நைட்டியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டேன் ஆர்டிஸ், வேட்டையில கவனமே போக மாட்டேங்குது!"

"கண்ணை மூடிக்க. எப்பவும் அப்படித்தானே சுடற!"

ஆறாம் நாள் காலை அது நடந்தது. சதுப்பிலிருந்து ஒரு பெட்டை பாய்ந்து வந்தது. பின்னாலேயே அவன், இடது பின்னங்காலை லேசாக இழுத்தபடி. பெட்டை தென்மேற்கு மூலைக்கு நேராக ஓடியது, துணியைக் கண்டு மிரண்டு, ஒதுங்கி, வேலியைத் தாண்டிப் போயே போய்விட்டது. அவன் முப்பது அடி தொலைவில் சட்டென்று நின்றான். மூக்கைத் தூக்கினான். அந்தப் பக்கப் பரணில் வெர்லின் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் காத்திருந்தது அவள் இடத்திலிருந்தே தெரிந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் சுட அவனுக்கு உரிமையில்லை. ஒரே பாய்ச்சல் போதும். காற்றில் ஓரினின் கால்சட்டை கட்டைபோல மரத்தில் டக்கு டக்கென்று மோதியது. மான் முன்காலால் தரையை இருமுறை உதைத்தது. பிறகு திரும்பி, வந்த வழியே சதுப்புக்குள் போய்விட்டது.

ஆர்டிஸ் பரணிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நாப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் சொன்ன பேச்சைக் கேட்டிருக்க," என்றாள் அந்தக் கால்சட்டையைப் பார்த்து.

ஒன்பது நாளும் முடிந்தது, நாலு பரணிலிருந்தும் ஒரு குண்டு வெடிக்கவில்லை. அதற்கான பதில் டிசம்பரில் வந்தது. ஓரின் போனதிலிருந்து அவள் வாசல் பாதையின் பனியை வெர்லின்தான் தன் டிராக்டரில் தள்ளிவிட்டுப் போவான். அந்தக் குளிர்காலம் அவன் டிராக்டர் அவள் தபால்பெட்டி வரை வந்து திரும்பிப் போனது. அவள் மண்வாரியை எடுத்தாள். வாசலிலிருந்து ரோடு வரை இருநூறு தப்படி, பனி விழுந்த ஒவ்வொரு முறையும். இடுப்பு கழன்றது. யாரையும் கூப்பிடவில்லை.

அடுத்த ஆகஸ்டில் வெர்லின் அவள் முற்றத்துக்கு வந்தான், ஒரு வருஷத்தில் முதல் தடவையாக. தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். கைபேசியை நீட்டினான். படத்தில் அதே கிழிந்த காது. இரண்டு பக்கமும் கொம்பு: இடப்பக்கம் ஆறு கிளை, வலப்பக்கம் ஐந்து.

அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். 'நீ சொன்னது சரி' என்று மூன்று வார்த்தை. அதற்காகக் காத்திருந்தாள்.

"நேத்து கூட்டத்துல பேசிட்டோம்," என்றான் வெர்லின். "இதை யாரும் தொடக்கூடாதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷம் விட்டா இந்தப் பக்கமே பார்க்காத கொம்பாகும். நாலு வயசுதானே ஆகுது. உன்னையும் திரும்பச் சேர்த்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத."

"கொம்பு எப்படிச் சரியாச்சாம்?"

வெர்லின் தொப்பியைச் சுழற்றினான். "சத்துதான். நான் வடக்கால குளோவர் தீவனம் விதைச்சேன்ல, அதைத் தின்னிருக்கும்."

"குளோவர்."

"நல்ல விதை அது."

ஆர்டிஸுக்குக் கோபம்கூட வரவில்லை, அதையும் தாண்டிப் போய்விட்டது. "போன வருஷம் சுடுன்னீங்க, இந்த வருஷம் சுடாதங்கறீங்க. ரெண்டு தடவையும் என்னைக் கேக்கல."

"இப்ப கேக்கத்தானே வந்திருக்கேன்!"

"சொல்ல வந்திருக்க. சொல்லிட்ட. கிளம்பு."

இலையுதிர்காலம் முழுக்க அவள் தொலைநோக்கியில் அந்தக் கலைமானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வயசாம்! முதுகு நடுவில் குழிந்திருந்தது, வயிறு தொங்கியது, மூஞ்சி நரைத்திருந்தது. முதல் குளிர் இறங்கியதும் அந்தக் காலை மறுபடி இழுக்கத் தொடங்கினான். இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம், ஓநாய்க்கூட்டம் வேறு சதுப்பைச் சுற்றியது. இதெல்லாம் காரணம்தான். ஆனால் அவள் தன்னிடம் பொய் சொல்லிக்கொள்கிறவள் இல்லை. அவள் ஒரு வேட்டைக்காரி. அவன் முற்றிய கலைமான். அந்த நாள் வந்துவிட்டது, அதைச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

வேட்டையின் இரண்டாம் நாள் காலை எட்டரை மணிக்கு, களஞ்சியத்துக்குப் பின்னால் அறுபது தப்படியில் அவன் பக்கவாட்டில் நின்றான். ஒரே குண்டு. இருபது அடி ஓடி விழுந்தான். அவள் பக்கத்தில் போய் பனியில் மண்டியிட்டு, கிழிந்த காதை விரலால் நீவிவிட்டாள். அழுதாள். அழுகை ஓய்வதற்கு முன்பே கத்தியை எடுத்துவிட்டாள், உள்சூட்டில் கறி கெடக் கூடாது.

மூன்று நாள் கொட்டகையில் அறுப்பு வேலை. இடது பின்னங்காலைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். சதையை வழித்ததும் அது இருந்தது: முறிந்த இரண்டு துண்டும் சாய்வாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கூடி, நடுவில் முட்டையளவு முடிச்சு. பெரிய பாத்திரத்தில் போட்டு வெள்ளையாகும்வரை வேகவைத்தாள்.

ஜனவரியில் சங்கத்தின் விருந்து, லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில். அந்த வருஷம் சுட்ட மான்களின் தாடை எலும்பை வரிசையாக மேசையில் வைத்து, பல் தேய்மானத்தைப் பார்த்து வயசு சொல்வது வழக்கம். ஆர்டிஸை யாரும் அழைக்கவில்லை. அவள் ஒரு கையில் ருபார்ப் கேக் தட்டும் மறு கையில் பையுமாகப் படியிறங்கி வந்தாள்.

"கொம்பு எங்க?" என்றான் டெல்மர். சேதி எப்போதோ பரவியிருந்தது.

"சலவை அறையில. துணிக் கிளிப் பை மாட்ட வசதியா இருக்கு."

வெர்லின் நாற்காலியில் நிமிர்ந்தான். பதினோரு கிளை! அவள் பையிலிருந்து தாடையை எடுத்து வரிசையில் வைத்தாள், பக்கத்தில் காலெலும்பை வைத்தாள். டெல்மர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பற்களைத் தடவினான். ஒருமுறை பார்த்தான், மறுபடி பார்த்தான்.

"ஆறரை," என்றான். "அப்ப ஒத்தக்கொம்போட இருந்தப்பவே அஞ்சரை. நாம மூணுன்னோம்." இந்த முறை அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எலும்பை எடுத்து முடிச்சைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, அடுத்தவனிடம் கொடுத்தான். அது கை மாறிக் கை மாறிக் கடைசியில் வெர்லினிடம் வந்தது. அவன் அதைச் சரியாகப் பார்க்காமலே மேசையில் வைத்தான்.

"ஒரு எலும்பை வெச்சு எல்லாத்தையும் சொல்லிட முடியாது," என்றான்.

"முடியாதுதான்," என்றாள் ஆர்டிஸ். "அதனாலதான் எல்லாரும் இருக்கறப்ப கொண்டு வந்தேன். இது ரத்தக் கோளாறா, முறிஞ்ச காலா? நம்ம வழக்கப்படியே பண்ணிடலாம். முறிஞ்ச கால்னு நினைக்கறவங்க கை தூக்குங்க."

டெல்மரின் கை முதலில் போனது. பிறகு இன்னொன்று, இன்னொன்று, கொஞ்சம் தயங்கி இன்னொன்று. ஆர்டிஸ் தன் கையையும் தூக்கினாள். மேசையைச் சுற்றி ஐந்து கை. ஆறாவது கை வெர்லினுடையது. அது காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

"பரவால்ல வெர்லின்," என்றாள் ஆர்டிஸ். "எல்லாரும் தூக்கறப்ப ஒருத்தர் மட்டும் கையைக் கீழ வெச்சுக்கிட்டு உக்கார்றது எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அன்னிக்கு நான் சொன்னது சரி."

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேக் தட்டை டெல்மர் பக்கம் தள்ளிவைத்தாள்.